கஷ்டமான ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நண்பர் வீட்டு ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வாங்கிய உயரமான பேனல் ஸ்பீக்கர்கள் (பெட்டி இல்லாமல் பலகை மாதிரி இருப்பவை), அவற்றை ஓட்ட ஏற்கெனவே இருந்த ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்ளிஃபையர்). தவில் தனி ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினார். ரிசீவருக்குள் ‘டக்’ என்று ரிலே (பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தது, சத்தம் நின்றுபோனது. அணைத்துப் போட்டோம். இரண்டே நிமிடத்தில் மறுபடியும் டக். ரிசீவரின் பெட்டியிலோ ‘சேனலுக்கு 110 வாட்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஸ்பீக்கருக்கும் அதிகபட்சம் 100 வாட்தான் போட்டிருந்தது. காகிதத்தில் எல்லாம் பொருந்தியது.

ரிசீவரில் பழுது எதுவும் இல்லை. நாங்கள் தவறான எண்ணைப் பொருத்திப் பார்த்திருந்தோம். ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் இழுப்பது என்று தீர்மானிப்பது ஸ்பீக்கர். வாட் என்பது இந்த இரண்டின் பெருக்கல்தான். உங்கள் அறையில் நீங்கள் கேட்கும் சத்தத்துக்கு எத்தனை வோல்ட் வேண்டும், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது) மிகவும் கீழே இறங்கும் இடத்திலும் ஆம்ப் அந்த வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான். (இனி ‘ஆம்ப்’ என்றால் ஆம்ப்ளிஃபையர். கரண்ட்டின் அலகை ‘ஆம்பியர்’ என்றே எழுதுகிறேன்.)

படி 1: ஸ்பீக்கரின் விவரத்தாளைப் பொறுமையாகப் படியுங்கள்

பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 802 டி4 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 90 டெசிபல், இம்பீடன்ஸ் 8 ஓம். இதை மட்டும் பார்த்தால் சுலபமான ஸ்பீக்கர் மாதிரி தெரியும். ஆனால் 8 ஓமுக்குப் பக்கத்திலேயே ‘குறைந்தபட்சம் 3 ஓம்’ என்றும் போட்டிருக்கிறார்கள். ஆம்ப் வாங்குகிறவருக்கு அந்த 3தான் முக்கியம்.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண் இல்லை. ஒலியின் அலைவரிசைக்கு (ஹெர்ட்ஸில் சொல்வது) ஏற்ப அது மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கும். 8 ஓம் என்பது பெயரளவுக்குச் சொல்லும் எண். ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் விதிப்படி மிகக் குறைந்த இம்பீடன்ஸ், பெயரளவு எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 ஓம் என்று சொல்ல வேண்டுமானால் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. சந்தையில் இதை எல்லோரும் அப்படியே பின்பற்றுவதில்லை. அதனால் பெயரளவு எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, குறைந்தபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விவரத்தாளில் இல்லையென்றால் யாராவது அளந்து வெளியிட்ட இம்பீடன்ஸ் வரைபடத்தைத் தேடுங்கள். பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் கஷ்டம் நிஜமானது, ஏனென்றால் இசையின் பெரும் சக்தி அங்கேதான் இருக்கிறது. 15,000 ஹெர்ட்ஸில் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம்.

அதே வரைபடத்தில் ஃபேஸ் கோணம் என்று இன்னொரு கோடும் இருக்கும். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் கோணம் பூஜ்யம், ஆம்ப்புக்கு வேலை சுலபம். கோணம் விலகினால், டிரான்சிஸ்டரின் மேல் வோல்டேஜ் அதிகமாக நிற்கும் அதே கணத்தில் கரண்டும் அதிகமாக ஓடும், அதனால் அது கடுமையாகச் சூடாகும். சாதாரண கிளாஸ் ஏபி ஆம்ப்பில் (இந்த வகைகளைப் படி 6-இல் பார்ப்போம்) முழு வீச்சில் இதைக் கணக்குப் போட்டால், 45 டிகிரி கோணத்தில் இருக்கும் 4 ஓம், வெளியீட்டு டிரான்சிஸ்டருக்குச் சுமார் 1.4 ஓம் ரெசிஸ்டரைப் போலச் சுமையாகத் தெரியும். இம்பீடன்ஸ் குறைவும் பெரிய கோணமும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால், அந்த ஸ்பீக்கரை உண்மையிலேயே கஷ்டமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்சிட்டிவிட்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த எண் பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தது. 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமில் அதே வோல்ட் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் ‘86 டெசிபல்’ என்றால், ஒரு வாட்டுக்கு 83 டெசிபல்தான்.

படி 2: உங்கள் ஸ்பீக்கர் எந்த வகையில் கஷ்டமானது?

எல்லாக் கஷ்டமும் ஒரே மாதிரி இல்லை. 802 போன்ற பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் சத்தம் நன்றாகவே தரும், ஆனால் சில இடங்களில் கரண்ட்டை உறிஞ்சும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் தயாராகும் மேக்னபேன் பேனல்கள் வேறு ரகம். அவற்றின் சிறிய மாடலான எல்ஆர்எஸ் 4 ஓம், 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல். இம்பீடன்ஸ் கோடு ஏறக்குறைய தட்டையாக, சாதாரண ரெசிஸ்டரைப் போல இருக்கும். தந்திரம் எதுவும் கிடையாது, ஆனால் ஓயாமல் வோல்ட்டும் கரண்டும் இரண்டுமே கேட்கும்.

பிபிசி 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ இதற்கு நேர் எதிர். முதலில் 15 ஓம், பின்னால் 11 ஓம், அதனால் கரண்ட் அதிகம் வேண்டாம். ஆனால் சென்சிட்டிவிட்டி சுமார் 82.5 டெசிபல்தான். நல்ல வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் உள்ள பழைய வகை) இதை அழகாக ஓட்டும். பெரிய ஹாலை நிரப்பச் சொன்னால் மட்டும் முடியாது, அதன் தாழ்ந்த ஒலி தரும் சின்ன வூஃபருக்கே ஒரு எல்லை இருக்கிறது.

எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்களில் (உயர் வோல்டேஜால் மெல்லிய படலத்தை அசைத்து ஒலி தருபவை) அலைவரிசை ஏற ஏற இம்பீடன்ஸ் இறங்கிக்கொண்டே போகும். 1957-இல் வந்த குவாட் இஎஸ்எல் அதற்கு நல்ல உதாரணம். பீட்டர் வாக்கர் அதை வடிவமைத்தபோது துணைக்கு இருந்தது 15 வாட் வால்வு ஆம்ப். இந்த ஸ்பீக்கருக்கு 33 வோல்ட் உச்சம்தான் எல்லை. அதற்கு மேல் கொடுத்தால் பேனலுக்குள் பொறி பறந்து கெட்டுப்போகும். ‘பெரிய ஆம்ப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு’ என்று கடைகளில் சொல்வார்கள். இந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அதை நம்பினால் பேனலை இழப்பார்.

கடைசி எல்லைக்கு உதாரணம் 1980-களின் அப்போஜி சின்டில்லா. அதன் ஒரு இணைப்பில் இம்பீடன்ஸ் 1 ஓம்! அன்றைக்கு இருந்த பெரும்பாலான ஆம்ப்கள் அதைத் தொடவே முடியவில்லை. கிரெல் போன்ற சிலரின் கனத்த கிளாஸ் ஏ ஆம்ப்கள் பெயர் வாங்கியது இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களை ஓட்டிக் காட்டித்தான். கிரெல் கேஎஸ்ஏ-50, 8 ஓமில் வெறும் 50 வாட். வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

படி 3: உங்கள் அறைக்கு எத்தனை வோல்ட் வேண்டும்?

802 டி4-ஐ 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்தால் திறந்தவெளியில் 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக, 2.83 வோல்ட் கொடுத்தால் நாற்காலியில் 83.5 டெசிபல். வீட்டு அறையில் சுவர்களின் எதிரொலியும் சேரும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். நாம் கஷ்டமான பக்கத்திலேயே கணக்குப் போடுவோம்.

சராசரி 80 டெசிபல் என்பதே வீட்டில் நல்ல சத்தம். நன்றாகப் பதிவான இசையில் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் தாவும். மிருதங்கத் தனி, பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் இந்த ரகம். ஆக 100 டெசிபல் வேண்டும், நம்மிடம் இருப்பது 83.5. மீதி 16.5 டெசிபல் என்றால் வோல்டேஜ் 6.7 மடங்கு ஆக வேண்டும்: சுமார் 19 வோல்ட்.

இந்த 19 வோல்ட் 8 ஓமில் 45 வாட். 3 ஓமில் 120 வாட், அங்கே கரண்ட் உச்சம் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். உச்சம் 105 டெசிபல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுமார் 34 வோல்ட்: 8 ஓமில் 141 வாட், 3 ஓமில் 375 வாட்டுக்கும் மேல், கரண்ட் 16 ஆம்பியர். ஐந்தே டெசிபல் ஆசைக்கு ஆம்ப்பின் விலையும் எடையும் எங்கேயோ போய்விடும்.

எல்ஆர்எஸ் பேனலுக்கு இதே கணக்கைப் போட்டால் 100 டெசிபலுக்கு 30 வோல்ட், 4 ஓமில் 225 வாட். பேனலின் சத்தம் தூரத்துக்குக் குறையும் வேகம் கொஞ்சம் மெதுவானது, அதனால் நிஜத் தேவை இதைவிடச் சற்றுக் குறைவு. எல்எஸ்3/5ஏ-வை 1.5 மீட்டர் பக்கத்தில் வைத்து 95 டெசிபல் உச்சத்தோடு திருப்திப்பட்டால் 15 வாட் போதும்.

கணக்கு பிடிக்காதவர்கள் அளந்தே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஐந்து நிமிடம்தான் ஆகும். இப்போது இருக்கும் ஆம்ப்பில், உங்களுக்குப் பழக்கமான பதிவை, நீங்கள் எப்போதாவது வைக்கும் அதிகபட்ச சத்தத்தில் வையுங்கள். வால்யூம் குமிழ் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு ஆம்ப்பை அணையுங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். அதே வால்யூமில், டிஜிட்டல் பதிவில் வைக்கக்கூடிய முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே பதிவான 120 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்ப்பின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு நடுவே மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம். வால்வு ஆம்ப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

மீட்டரில் 4.1 வோல்ட் வந்தால் நான்கால் பெருக்குங்கள்: 16.4. பதிவு முழு அளவைத் தொடும் கணத்தில் உங்கள் ஸ்பீக்கருக்குப் போவது அவ்வளவுதான். 8 ஓமில் 34 வாட், 3 ஓமில் 90 வாட். 300 வாட் ஆம்ப் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு இந்த எண் ஆச்சரியமாக இருக்கும். சிலருக்கு மறுபக்கமாக, இப்போதைய ஆம்ப் ஏன் கரகரக்கிறது என்று புரியும்.

படி 4: ஆம்ப்பின் வாட்டை வோல்ட்டாக மாற்றிப் படியுங்கள்

வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். இதை 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

என்ஏடி சி 298: 8 ஓமில் 185 வாட், 4 ஓமில் 340 வாட். வோல்ட் முறையே 38.5, 36.9. இம்பீடன்ஸ் பாதியானாலும் வோல்ட் கிட்டத்தட்ட அசையவே இல்லை. பாராசவுண்ட் ஹேலோ ஏ21+: 300 வாட், 500 வாட். வோல்ட் 49, 44.7. கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் இறங்கிய பிறகும் நம் 34-க்கு மேலே தாராளமாக நிற்கிறது. 4 ஓமில் வாட் இரண்டு மடங்காக வேண்டும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நல்ல அடையாளம்தான், ஆனால் கட்டாயம் இல்லை. தேவைக்கு மேலே மிச்சம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 130 வாட் என்று ஒரு ஆம்ப் இருந்தால்? 28.3 வோல்ட் 22.8-க்கு விழுகிறது. 4 ஓமிலேயே மூச்சு வாங்கினால் 3 ஓமிலும், கோணம் விலகிய இடத்திலும் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 8 ஓம் எண் மட்டும் போட்டு 4 ஓமைப் பற்றிப் பேசாத ஆம்ப்பை, 3 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் வாங்கவே வேண்டாம். 2 ஓம் எண்ணைத் தைரியமாக அச்சிடுகிறவர் கிடைத்தால் அவர் பக்கம் போங்கள்.

ஏவி ரிசீவர்களில் ‘ஒரு சேனல் மட்டும் ஓட்டும்போது’, ‘6 ஓமில்’, ‘1000 ஹெர்ட்ஸில்’, ‘10 சதவீத டிஸ்டார்ஷனில்’ என்று சின்ன எழுத்தில் நிபந்தனை போட்டிருப்பார்கள். நண்பருடைய 110 வாட் அப்படிப்பட்டதுதான். நீங்கள் தேட வேண்டியது: இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, மிகக் குறைந்த டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்). ரிசீவரின் பின்னால் இருக்கும் ‘4 ஓம்’ அமைப்பையும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துமே தவிர, புதிதாகப் பலம் எதையும் தராது.

படி 5: வெளியீட்டு இம்பீடன்ஸும் வயரும்

நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்ப்பின் சொந்தத் தடை) 0.1 ஓமுக்கும் கீழே இருக்கும். டேம்பிங் ஃபேக்டர் (8 ஓமை அந்தத் தடையால் வகுத்தால் வரும் எண்) 80-க்கு மேல் இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். 1000 என்று விளம்பரம் செய்வதால் காதுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

வால்வு ஆம்ப்பில் விஷயமே வேறு. 1.5 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் உள்ள ஆம்ப்பை, 3 ஓமிலிருந்து 20 ஓம் வரை ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் மாட்டினால், பள்ளம் உள்ள இடத்தில் 3.5 டெசிபல் விழும், மேடு உள்ள இடத்தில் 0.6 மட்டுமே விழும். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பாடுபட்டுத் தட்டையாக்கிய ஒலியில் ஆம்ப் கிட்டத்தட்ட 3 டெசிபல் வளைவைப் போட்டுவிடுகிறது. அந்த வளைவு சிலருக்கு இனிமையாகவும் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 3 ஓம் ஸ்பீக்கருக்கு வால்வு ஆம்ப் வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 5 மீட்டருக்குள் போதும். போக வர சுமார் 0.07 ஓம்தான். மிச்சப் பணத்தை ஆம்ப்பில் போடுங்கள்.

படி 6: கிளாஸ் ஏ, ஏபி, டி

டிரான்சிஸ்டர் வேலை செய்யும் விதத்தை வைத்து ஆம்ப்களைப் பிரிக்கிறார்கள்: ஏ-யில் அவற்றில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஏபியில் பெரும்பாலும் தேவைக்கு ஏற்ப ஓடும், டியில் அவை அதிவேகமாக ஆன்-ஆஃப் ஆகும். கிளாஸ் ஏ அருமையாக இருக்கும், ஆனால் பாட்டு ஓடாவிட்டாலும் சூடாகவே இருக்கும். சேனலுக்கு 25, 30 வாட் தரும் ஆம்ப் சும்மா இருக்கும்போதே 200 வாட்டுக்கு மேல் இழுக்கும், மூன்று சீலிங் ஃபேனுக்குச் சமம். சென்னை மே மாதத்தில் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசியும் கூடுதலாக உழைக்கும். கஷ்டமான ஸ்பீக்கருக்கு ஏபியோ நல்ல கிளாஸ் டியோதான் என் தேர்வு.

கிளாஸ் டி பற்றிப் பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஆரம்ப காலத்து வடிவமைப்புகளில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்கு ஏற்ப உச்ச ஸ்தாயி மாறியது உண்மை. ப்ரூனோ புட்ஸெய்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய ஹைபெக்ஸ் என்கோர், பின்னர் வந்த பியூரிஃபை போன்ற மாட்யூல்களில் வெளியீட்டு ஃபில்டருக்குப் பிறகிருந்து ஃபீட்பேக் எடுக்கிறார்கள் (வெளியே போகும் சிக்னலையே உள்ளே ஒப்பிட்டுத் திருத்துவது), அதனால் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஒலி மாறுவதில்லை. மேலே சொன்ன சி 298-க்குள் இருப்பது பியூரிஃபைதான்.

படி 7: இரண்டு பொறிகள்

முதலாவது பிரிட்ஜிங். இரண்டு சேனலையும் இணைத்து மோனோவாக்கினால் வாட் எக்கச்சக்கமாகத் தெரியும். ஆனால் அப்போது ஒவ்வொரு பாதிக்கும் ஸ்பீக்கரின் பாதி இம்பீடன்ஸ்தான் தெரியும். 3 ஓம் ஸ்பீக்கர் 1.5 ஓமாகிவிடும். நமக்குத் தேவை கரண்ட், பிரிட்ஜிங் தருவது வோல்ட். கஷ்டமான ஸ்பீக்கருக்கு இது தலைகீழான வைத்தியம்.

இரண்டாவது, ரிசீவரின் மிச்சச் சேனல்களை வைத்து பை-ஆம்ப் செய்வது (ஒரே ஸ்பீக்கரின் மேல், கீழ்ப் பகுதிகளுக்குத் தனித்தனிச் சேனல் கொடுப்பது). எல்லாச் சேனலுக்கும் உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். கிணறு ஒன்றுதான், வாளியை மட்டும் இரண்டாக்குகிறோம்.

படி 8: வீட்டு மின்சாரம்

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சாதாரண ஆம்ப்பில் உள்ளே இருக்கும் வோல்டேஜ், சுவரிலிருந்து வருவதோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 230 வோல்ட் 207-க்கு இறங்கினால் 10 சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அதிகபட்ச வாட் 19 சதவீதம் குறையும். மாலையில் வோல்டேஜ் விழும் தெருவில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள். ஸ்டெபிலைசர் போடுவதானால் ஆம்ப்பின் உச்சத் தேவையைவிடப் பெரியதாகப் போடுங்கள், சின்னதாகப் போட்டால் அதுவே கரண்ட்டை நெரிக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் பெரிய ஆம்ப்பை ஓட்ட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் ஏராளமாக இழுக்கும். வீட்டு எம்சிபி அடிக்கடி விழுந்தால், எலக்ட்ரீஷியனிடம் அந்த லைனில் இருப்பது ‘பி’ வகையா ‘சி’ வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த் இரண்டும் வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்கள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட்டுக்கும் செய்தவையாக இருக்கலாம். பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் நம் சுவரில் செருகினால் அந்த நிமிடமே கதை முடிந்தது.

படி 9: வீட்டுக்குக் கொண்டுவந்து கேளுங்கள்

கடையில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் ஸ்பீக்கர், உங்கள் அறை, உங்கள் மின்சாரம். இரண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருக்கும் ஆம்ப், காரணமே புரியாமல் ‘உயிரோட்டமாக’ இருப்பதாகத் தோன்றும். 120 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து, ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 2.00. அதிகபட்சம் 2.02 வரை விடலாம்.

அப்புறம் மிருதங்கத் தனி ஒன்றைப் போடுங்கள். வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) ‘நம்’ எல்லா ஆம்ப்பிலும் நன்றாகத்தான் இருக்கும். காதைத் தொப்பியில் (இடப்பக்கத்துத் தாழ்ந்த ஸ்வரத் தோலில்) வையுங்கள். உள்ளங்கை தோலின் மேல் அழுந்தி நகரும்போது ஸ்வரம் வழுக்கி ஏறுமே, அந்தக் கும்கியில் ஸ்வரம் ஏறுவது கடைசிவரை தெளிவாகக் கேட்கிறதா, இல்லை நடுவில் வெறும் ‘பொம்’ என்று திரண்டுவிடுகிறதா? மெதுவான சத்தத்தில் ஒருமுறை, படி 3-இல் குறித்த அதிகபட்சத்தில் ஒருமுறை. இரண்டிலும் அதே தொப்பிதான் கேட்க வேண்டும். சத்தம் ஏறும்போது தம்பூரா பின்னால் போய்விட்டாலோ, பாடகரின் குரல் கடினப்பட்டாலோ ஆம்ப் எல்லையைத் தொடுகிறது. கரகரப்பு தெளிவாகக் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள், கிளிப்பிங்கில் (ஆம்ப் எல்லை தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படுவது) முதலில் கருகுவது ட்வீட்டர், உச்ச ஸ்தாயி தரும் சின்ன யூனிட்.

ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) கை வைத்துப் பாருங்கள். கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், காற்றோட்டத்தைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். ராத்திரி வீடு அடங்கியதும் பாட்டு எதுவும் இல்லாமல் ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்து இரைச்சலைக் கேளுங்கள். ஒரு சாண் தூரத்தில் கேட்டால் பரவாயில்லை, நாற்காலியிலிருந்தே கேட்டால் திருப்பிக் கொடுங்கள். நண்பர் இப்படி ஒரு வாரம் இரண்டு ஆம்ப்களை வைத்துப் பார்த்துவிட்டு, விலை குறைந்த, 4 ஓமில் வோல்ட் அசையாத ஆம்ப்பை வைத்துக்கொண்டார். பழைய ரிசீவர் சென்டரையும் சரவுண்டையும் ஓட்டுகிறது, அந்த ‘டக்’ அப்புறம் வரவில்லை.